கோட்டு இல்லாதவள்

ருக்மிணி விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெங்கடராமன் கூப்பிட்டனுப்பினார். மே மாதக் கடைசி. வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு, வராமல் நின்றிருந்தது.

பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோல் பேனல்கள் செய்கிற அந்தத் தொழிற்சாலைக்கு வெங்கடராமன் முதலாளி. ருக்மிணி பர்சனல் ஆபீசர். ஆட்களைச் சேர்ப்பது, அனுப்புவது, இடையில் வருகிற மனத்தாங்கல்களைக் கேட்டுக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் அதிகம் பேசமாட்டாள் என்பதாலேயே பலரும் அவளிடம் வந்து பேசுவார்கள்.

"உக்காருங்கோ. அடுத்த வாரம் முதலாளிகள் சங்கக் கூட்டத்துல என்னைப் பேசச் சொல்லியிருக்கா. தலைப்பு என்ன தெரியுமோ? படிக்கிற பசங்களைப் பயிற்சிக்கு எடுத்துண்டா கம்பெனிக்கு என்ன லாபம்."

"நீங்க ரொம்ப வருஷமா எடுத்துண்டிருக்கேளே சார்."

"அதனாலதான் என்னைப் பிடிச்சுட்டா. விளம்பரச் செலவு மிச்சம். ஆறு மாசம் கூடவே வெச்சுப் பாத்துட்டு அப்புறம் வேலை குடுக்கலாம். சேர்ற அன்னிக்கே ஸ்பேனர் எந்த டிராயர்ல இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். அவாளுக்குச் சொல்லிக் குடுக்கறதுல நம்ம ஆட்களும் மறந்ததை ஞாபகப்படுத்திக்கறா. இதையெல்லாம் எனக்கு முன்னாடி பேசறவன் சொல்லிடுவான். நமக்கு நிஜமா என்ன நடந்துதுன்னு நான் சொல்லணும்."

"என்ன நடந்தது சார்?"

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிசம்பரிலிருந்து ஒரு பேனல்கூடத் தாமதமாகப் போகவில்லை. அதற்கு முன்னால் தாமதமாகப் போகாத பேனலே கிடையாது. "கோயமுத்தூர் பார்ட்டி போன் பண்ணி, என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா, சரக்கு சொன்ன தேதிக்கு வந்துடுத்தேன்னு கேக்கறான். நான் புதுசா மிஷின் வாங்கலை. ஆளும் எடுக்கலை. டிசம்பர்ல புதுசா உள்ள வந்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

"அனுஷா."

"அவ என்ன பண்ணினான்னு பாத்துச் சொல்லுங்கோ. இந்த வாரத்தோட பயிற்சி முடியறது. ஜூனியர் இன்ஜினியர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. அவளை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே எழுதிக் குடுங்கோ. வெச்சுண்டா எதுக்குன்னும் எழுதுங்கோ."

ருக்மிணி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அனுஷா சாண்ட்விச் டிப்ளமோ மாணவி. கிருஷ்ணகிரிப் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்றில் படிப்புக்கு நடுவே ஒரு முறை, கடைசியில் ஒரு முறை என்று தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். வேலை செய்கிறவர்கள் அப்படி வருகிற பிள்ளைகளைச் 'சாண்ட்விச்' என்றே கூப்பிடுவார்கள். மற்ற சாண்ட்விச்சுகளின் முகம் ருக்மிணிக்கு நினைவில்லை. இந்தப் பெண்ணின் முகம் நினைவிருந்தது. ஆனால் அவள் ஏதாவது ஒரு வேலை செய்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

கீழே தளத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வயரிங், அந்தப் பக்கம் டெஸ்டிங். வயரிங்காரர்களுக்கு உடைக்கு மேலே போட்டுக்கொள்ள நீலக் கோட்டு. டெஸ்டிங்காரர்களுக்குச் சாம்பல் கோட்டு. மாணவர்களுக்குக் கோட்டு கிடையாது. அனுஷா சுடிதாரோடு எங்கோ நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

ருக்மிணி முதலில் டெஸ்டிங் தலைவர் கோதண்டராமனிடம் போனாள். காக்ஸ் டவுனிலிருந்து வருகிறவர். சட்டைப்பையில் டெஸ்டர் குத்தியிருக்கும், முகத்தில் யார்மேலோ ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன வேலை செய்யறது?"

"வேலையா?" அவர் யோசித்தார். "டெஸ்ட் எல்லாம் நான்தான் எடுக்கறேன் மேடம். சின்னப் பொண்ணுகிட்ட கரன்ட்ட குடுக்க முடியுமா? மீட்டர் எடுத்துக் குடுக்கும். கூடவே நிக்கும்."

"அப்போ அவ வேண்டாம்னு எழுதிடலாமா?"

"ஐயையோ. வேணும் மேடம். எனக்கே போட்டுடுங்க."

"எதுக்கு?"

மீட்டரின் முள்ளைப் பார்த்தார். "இருந்தா வேலை ஓடுது" என்றார். சொன்னது தமக்கே பிடிக்காததுபோல் உடனே முதுகைத் திருப்பிக்கொண்டார்.

கோட்டைத் தாண்டி கோவிந்தப்பாவிடம் போனாள். ஹொஸ்கோட்டைக்காரர். தமிழர்களிடம் தமிழில்தான் பேசுவார், வழியில் கன்னடம் ஏறிக்கொள்ளும்.

"நம்ம ஹுடுகி மேடம் அது" என்றார் கேட்பதற்கு முன்பே. "நல்ல பொண்ணு."

"என்ன செய்யறா?"

"செய்யறதா? ஏனு இல்ல. சும்னே வரும், நிக்கும், இது என்னா சார், அது என்னா சார்னு கேக்கும். ஒரு வயர் முனைக்கு ஒழுங்கா லக் மாட்டி அடிக்க வராது. அடிச்சா என் விரல்ல அடிச்சிடும்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அப்போ எதுக்கு வேணும்?"

"வேணும். வயரிங்குக்குத்தான் குடுக்கணும். அந்தப் பக்கம் குடுத்தீங்க, நான் ராஜினாமா எழுதிடுவேன்." அவரும் சிரித்தார். அதில் பாதிதான் சிரிப்பு என்று ருக்மிணிக்குப் பட்டது.

கோதண்டராமனும் கோவிந்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எப்போதிருந்து என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஓர் ஆயுத பூஜையன்று பூசணிக்காயை டெஸ்டிங் பக்கத்தில் உடைப்பதா, வயரிங் பக்கத்தில் உடைப்பதா என்று ஆரம்பித்ததாம். அந்த வருஷம் பூசணிக்காயே உடைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் வேலையில் கெட்டி. தத்தம் பக்கத்தில் ஒழுங்காக இருந்தார்கள். அதனால் அவர்கள் பேசாமலிருப்பதை, ஒருவர் காப்பி குடிப்பதில்லை, இன்னொருவர் வெற்றிலை போடுவதில்லை என்பதுபோல் ஒரு வழக்கமாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ருக்மிணியும் அப்படித்தான்.

ஒரு வேலையும் செய்யாத பெண்ணை இரண்டு பேர் விடமாட்டேன் என்கிறார்கள். இதை எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு வேளையில் பின்பக்கம் தண்ணீர்த்தொட்டி நிழலில் அனுஷா தனியாக உட்கார்ந்திருந்தாள். ருக்மிணி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு. என்ன கொண்டுவந்திருக்கே?"

"எலுமிச்சம்பழ சோறு மேடம். அத்தை செஞ்சது."

வெகுநேரம் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். ருக்மிணிக்கு அந்த மாதிரி நேரம் சங்கடமாக இராது. எதிரில் இருப்பவர்களுக்குத்தான் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு இல்லை. அதைக் கவனித்தபோது ருக்மிணிக்குச் சற்று வியப்பாக இருந்தது.

கடைசியில் அனுஷாதான் கேட்டாள். "மேடம், எனக்கு இங்க வேலை கெடைக்குமா?"

"பாத்துண்டிருக்கோம்."

"இல்ல மேடம், சீக்கிரம் தெரிஞ்சா நல்லாருக்கும். ஈஜிபுரால மாமா வீட்ல தங்கியிருக்கேன். இளங்கோவன்னு பேரு. கால் சென்டருக்கு வண்டி ஓட்டறாரு. அங்க சொல்லி எனக்கு இன்டர்வியூ வெச்சாரு. பாஸாயிட்டேன். திங்கக்கெழம வந்து சேருன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு சம்பளம் சேர்ந்தாத்தான் அந்த வீட்ல இருக்க முடியும்னு மாமா சொல்றாரு. தப்பில்ல, அவரும் எத்தன நாளு வெச்சிருப்பாரு."

"நல்ல வேலைதானே? வீட்டுக்கும் பக்கமா?"

"கோரமங்களாதான், நடந்தே போயிடலாம். இங்க வரதுக்கு மெஜஸ்டிக்ல எறங்கி பஸ் மாறணும்." அவள் டப்பா மூடியைத் திருகினாள். "அங்க எனக்கு வேற பேரு வெப்பாங்களாம் மேடம். ஜெனிஃபரோ என்னமோ. அமெரிக்காக்காரங்களுக்கு வாயில வரணுமில்ல. அது பரவாயில்ல. காலேஜுல எலக்ட்ரிக்கல்ல நாங்க மூணு பொண்ணுங்க. மத்த ரெண்டு பேரும் இப்பவே ஹெட்போன் மாட்டிக்கிட்டாங்க. நானும் போனா அவ்ளோதான். திரும்ப வர முடியாது."

"உனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிச்சிருக்கா?"

பெண் வெட்கப்பட்டாள். "பேனலுக்குக் கரன்ட் குடுத்ததும் கான்டாக்டர்னு அந்தக் காந்த சுவிட்ச் டக்குனு இழுக்கும் பாருங்க. உள்ள போட்ட வயரெல்லாம் சரின்னு அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு என்னமோ மாதிரி ஆயிடும்."

"நீ இங்க என்ன வேலை செய்யறே?"

அனுஷாவின் முகத்தில் பயம் வந்தது. இந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தவள்போல் இருந்தாள். "தெரியல மேடம். டவுட் கேக்கறேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

மறுநாள் காலையில் ருக்மிணி முதலுதவிப் பெட்டிகளைச் சரிபார்க்கும் சாக்கில் தளத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிளாஸ்திரிகளை எடுத்து மேசைமேல் அடுக்கினாள், மறுபடி உள்ளே வைத்தாள். யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு பேனல் தள்ளுவண்டியில் கோட்டைத் தாண்டி டெஸ்டிங் பக்கம் போயிற்று. கோதண்டராமன் கரன்ட் கொடுத்தார். ஒன்றும் இழுக்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார்.

"கண்ணு தெரியாதவன் எல்லாம் வயரிங் பண்ணா இப்படித்தான். பன்னெண்டாவது டெர்மினலுக்கு நியூட்ரல் எங்க? அதுங்கப்பன் வீட்ல இருக்கா?"

யாரிடமும் சொல்லவில்லை, பேனலிடம் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த அனுஷா ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள். ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, டிராயிங் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கோவிந்தப்பாவின் மேசைக்கு வந்தாள்.

"சார், எனக்கு ஒரு டவுட். இதுல பன்னெண்டாவதுக்கு நியூட்ரல் எங்கேர்ந்து வருது?"

கோவிந்தப்பா உச்சுக்கொட்டினார். "அய்யோ, இது தெரியாமத்தான் டிப்ளமோ படிச்சியா? பா இல்லி, இங்க வா." பக்கத்தில் இருந்த அதே வகைப் பேனல் ஒன்றைத் திறந்து காட்டப் போனார். விரல் பாதி வழியில் நின்றது. அந்தப் பேனலிலும் அது இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தம் ஆள் ஒருவனைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் போன வண்டியைத் திரும்பத் தள்ளிவரச் சொன்னார். ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

விட்டுப்போன வயரைப் போட்டதும் வண்டி மறுபடி டெஸ்டிங் பக்கம் போனது. கோதண்டராமன் பார்க்காததுபோல் இருந்தார். மறுபடி கரன்ட் கொடுத்தார். டக்.

அடுத்த பேனலுக்கு இது எதிர்த்திசையில் நடந்தது. "ரிலே செட்டிங்க மாத்தி வெச்சு டெஸ்ட் பண்ணா எந்தப் பேனல் தேறும்? பெரியவங்களுக்கு யாரு சொல்றது" என்று கோவிந்தப்பா ஸ்க்ரூ டிரைவரிடம் சொன்னார். அனுஷா நகர்ந்தாள். கோதண்டராமனிடம் போய், "சார், இந்த ரிலேக்கு செட்டிங் எவ்வளவு வெக்கணும், ரெக்கார்ட்ல எழுதணும்" என்றாள். அவர் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தார். முள்ளைப் பார்த்தார். விரலால் மெதுவாகத் திருகிச் சரிசெய்துவிட்டு, "இவ்வளவு" என்றார்.

ருக்மிணி பஞ்சுச் சுருளைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பருக்கு முன் என்ன நடந்தது என்பது அவளுக்கு இப்போது ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பேனலில் ஏதாவது பிசகு இருந்தால் கோதண்டராமன் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டித் திருப்பி அனுப்புவார். சீட்டில் காரணம் இராது, 'டிராயிங்படி இல்லை' என்று மட்டும் இருக்கும். என்ன இல்லை என்று கோவிந்தப்பா கேட்கமாட்டார். முழுப் பேனலையும் பிரித்து முதலிலிருந்து வயர் போடச் சொல்வார். போட்ட புதிய வயரில் வேறு எங்காவது பிசகும். மறுபடி சிவப்புச் சீட்டு. இரண்டு பக்கமும் குனிந்த தலை நிமிராமல் வேலை நடந்துகொண்டிருந்ததால், மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லோரும் உழைப்பதாகவே தெரிந்தது.

இந்தப் பெண் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தன் அறியாமையாக மாற்றிக்கொண்டு போய்க் கேட்டாள். படிக்கிற பெண் கேட்கலாம். அவளுக்குப் பதில் சொல்வதால் யாருடைய மானமும் போய்விடாது.

அந்த இரண்டு பேருக்கும் இது தெரியுமா? தெரியும்போலவும் இருந்தது, தெரியாதுபோலவும் இருந்தது. கோதண்டராமன் பேனலிடம் பேசும்போது அவள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தாரோ? இல்லை, அது தற்செயலோ? ருக்மிணி யோசிக்க யோசிக்க, முதலில் தெளிவாகத் தெரிந்ததுகூடக் கலங்கியது.

அதைவிடப் பெரிய குழப்பம் மாடியேறும்போது வந்தது. வேலை கொடுத்தால் கோட்டு கொடுக்க வேண்டும். நீலமோ, சாம்பலோ. கோட்டு போட்டுக்கொண்டவள் ஒரு பக்கத்து ஆள். ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போய்ச் சந்தேகம் கேட்க முடியுமா?

வெங்கடராமன் முழுவதையும் கேட்டார். நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா ரெண்டு பேர் பேசிக்காததுக்கு நான் கம்பெனி நடத்திண்டிருக்கேன்."

அவர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூப்பிட்டுச் சமாதானம் பண்ணலாம்னா, ரெண்டு தடவை பண்ணியாச்சு. கை குலுக்கிட்டுப் போய், மறுநாள் இன்னும் ஜாஸ்தியா பேசாம இருந்தா." அவர் விரலால் மேசையைத் தட்டினார். "பர்மனென்ட் ஆக்கினா அவ கேக்க முடியாது."

"ஆமாம் சார்."

"ஆக்கலைன்னா போயிடுவா."

"ஆமாம் சார்."

"டிசம்பர்ல அடுத்த பொண்ணு வரும்."

"வரும் சார். இவளுக்கு முன்னாடியும் எத்தனையோ பேர் வந்தா, ஒண்ணும் மாறலையே."

வெங்கடராமன் குரலைத் தணித்தார்.

"பயிற்சி இன்னும் நிறைவடையலைன்னு எழுதிக் குடுத்தா, காலேஜ்ல இன்னொரு ஆறு மாசம் இங்கேயே அனுப்புவாளோன்னோ?"

ருக்மிணி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ணுக்கும் நல்லதுதானே. லக் அடிக்கத் தெரியலைன்னு கோவிந்தப்பாவே சொல்றார். கத்துக்கட்டுமே. பொய் ஒண்ணும் இல்லையே அதுல."

அவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷத்தில் அவர் யாரையும் கண்ணீரோடு அனுப்பியதில்லை. பொய்யும் இல்லைதான். ருக்மிணி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள். அவளுடைய மௌனத்துக்கு என்ன பொருள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அவளுக்கே புரியவில்லை.

சாயங்காலம் மல்லேஸ்வரத்தில் வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் தேசிகன் பத்திரிகையை மடித்தார். அவளுடைய மௌனங்களை வகை பிரிக்கத் தெரிந்தவர்.

"இது ஆபீஸ் மௌனமா, ஆத்து மௌனமா?"

"ஒரு பொண்ணை ஃபெயில் பண்ணினா எல்லாருக்கும் நல்லதுன்னு தோண்றது."

"எல்லாருக்கும்னா?"

"கம்பெனிக்கு. வயரிங்குக்கு, டெஸ்டிங்குக்கு. கோயமுத்தூர் பார்ட்டிக்குக்கூட."

"பொண்ணுக்கு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஃபெயில் ஆனால் அந்தப் பெண் ஆறு மாதம் இங்கே வரமாட்டாள், திங்கட்கிழமை கோரமங்களாவுக்கு நடந்தே போய்விடுவாள், ஜெனிஃபர் ஆகிவிடுவாள் என்பது அந்தக் கணம்தான் தோன்றியது. அத்தனை எளிதான விஷயம் பகல் முழுவதும் ஏன் தோன்றவில்லை? எல்லோருக்கும் நல்லது என்று கூட்டிப்பார்த்தபோது அந்த எல்லோரில் அவளைச் சேர்க்காமல் விட்டது தான்தானா, வெங்கடராமனா?

"காப்பி ஆறிடுத்து" என்றார் தேசிகன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அனுஷாவின் பயிற்சிச் சான்றிதழில் திருப்திகரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெங்கடராமனிடம் கொண்டுபோய் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எந்த டிபார்ட்மென்ட்?" என்று மட்டும் கேட்டார்.

"இனிமேதான் சார் தெரியணும்."

கோதண்டராமனையும் கோவிந்தப்பாவையும் தன் அறைக்கு வரச்சொன்னாள். ஒரே மேசையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். இருவர் பார்வையும் ருக்மிணிக்குப் பின்னால் மாட்டியிருந்த தேதிக்காட்டியில் இருந்தது.

"அனுஷாவை எடுத்துக்கறோம். யாருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்கோ."

அறை அமைதியாயிற்று. பேச்சே இல்லாத அறையில் எவ்வளவு நேரமும் இருக்கக்கூடியவள் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். இந்த அமைதி வேறு மாதிரி இருந்தது. யாரோ இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பதுபோல.

"டெஸ்டிங்ல ஆள் கம்மின்னு அவங்களுக்குத் தெரியும் மேடம்" என்றார் கோதண்டராமன் தேதிக்காட்டியைப் பார்த்து.

"வயரிங்ல மட்டும் ஆள் ஜாஸ்தியான்னு கேளுங்க மேடம்" என்றார் கோவிந்தப்பா அதே தேதிக்காட்டியைப் பார்த்து.

"சும்மா நிக்கவெச்சு என்ன பிரயோஜனம்னு கேளுங்க."

"மீட்டர் தூக்கறதுக்கு டிப்ளமோ எதுக்குன்னு கேளுங்க."

ருக்மிணி ஒருவர் சொன்னதை மற்றவரிடம் திருப்பிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். சொன்னதும் கோபம் ஏறியது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இது நடந்தது, தனக்கு ஏன் நடக்கவில்லை என்று புரியவில்லை. தான் சொல்வது செய்தியாகப் போய் விழுகிறது. அந்தப் பெண் கேட்டது கேள்வி.

எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவில் அனுஷா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு வேலை உண்டு. எந்தப் பக்கம்னு நீயே சொல்லு."

பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அதிகம் யோசிக்காமல், "வயரிங் மேடம்" என்றாள்.

"கோவிந்தப்பா உங்கிட்ட பிரியமா இருக்காரா?"

"அதுக்கில்ல மேடம். கோதண்டராமன் சாருக்குக் கோவம் வந்தா திட்டுவாரு. கோவிந்தப்பா சாருக்குக் கோவம் வந்தா வாயே தொறக்கமாட்டாரு. திட்டறவர் எதிர்ல இருந்தா பரவாயில்ல. எப்படியும் எதையாவது சொல்லிடுவாரு. அதுக்குள்ள விஷயம் இருக்கும்."

"திட்டாம இருந்துட்டா?"

அனுஷா அவளைப் பார்த்தாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கோரமங்களாவுக்குப் போகவில்லை. மெஜஸ்டிக்கில் பஸ் மாறி வந்து, தோளில் இறங்குகிற ஒரு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோவிந்தப்பாவின் மேசையில் நின்றாள். ருக்மிணி மாடிப்படியில் நின்றுகொண்டாள். இந்த முறை சாக்கு எதுவும் தேடவில்லை.

முதல் பேனல் கோட்டைத் தாண்டிப் போனது. கோதண்டராமன் கரன்ட் கொடுத்தார். இழுக்கவில்லை. குனிந்து பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் நிமிர்ந்தார். எதிர்ப்பக்கம் நீலக் கோட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மேசை டிராயரை இழுத்தார். ஆறு மாதமாக வெளியே வராத சிவப்புச் சீட்டு வந்தது. கட்டினார். முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அனுஷா கோட்டைத் தாண்டிப் போனாள்.

"சார், எனக்கு ஒரு டவுட்."

"ஸ்டாஃபுக்கு என்ன டவுட்டு? சீட்டு கட்டியிருக்குல்ல. எடுத்துட்டுப் போ."

அவள் போகவில்லை. ருக்மிணி ஒரு படி இறங்கினாள். இவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டால் எல்லாம் பழையபடிதான். வெங்கடராமன் சொன்னதே சரியாகிவிடும். ஒரு மாதம் போனால், எதற்கு இந்தப் பெண்ணை எடுத்தோம் என்று அவரே கேட்பார். அந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இராது. தளத்தில் எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டே அந்தப் பக்கம் காதை வைத்திருந்தார்கள்.

"இன்னும் ஏன் நிக்கற?"

"சீட்டுல காரணம் இல்ல சார்."

"கட்டினவனுக்குத் தெரியும்."

"ஆமா சார். எனக்குத் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "கோட்டு போட்டா தெரிஞ்சிடும்னு நெனச்சேன். தெரியல" என்றாள்.

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். கோதண்டராமன் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"நீயும் அந்தக் கூட்டத்தோட சேந்துட்ட. கண்ணு தெரியாத கூட்டம். ஏழாவது டெர்மினல்ல லூப் எங்க?"

தேவையைவிட உரக்கச் சொன்னார். வயரிங் பக்கத்தில் கோவிந்தப்பாவின் கை நின்றது. அவர் திரும்பவில்லை.

"டிராயிங்ல ஏழுக்கு லூப்பே இல்ல" என்றார், தம் மேசையைப் பார்த்து.

"பழைய டிராயிங்க பாத்தா இருக்காது. ரிவிஷன பாக்கணும்" என்றார் கோதண்டராமன், பேனலைப் பார்த்து.

"ரிவிஷன நமக்கு யாரு குடுத்தா?"

தளம் முழுவதும் ஒரு கணம் சத்தம் அடங்கியது. கோதண்டராமன் டிராயரை மறுபடி இழுத்து, மடித்து வைத்திருந்த ஒரு டிராயிங்கை எடுத்து, யாரையும் பார்க்காமல் அனுஷாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து கோவிந்தப்பாவின் மேசைமேல் விரித்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "சரி, இரு" என்றார். அனுஷாவிடம் சொன்னாரா, அதற்கு அப்பால் சொன்னாரா என்று மாடிப்படியிலிருந்து தெரியவில்லை.

அதைப் பேச்சு என்று சொல்லலாமா? ஒருவர் பேனலிடம் சொன்னார், ஒருவர் மேசையிடம் சொன்னார். நடுவில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. நாளைக்கும் இப்படி நடக்குமா, அல்லது நாளைக்குச் சிவப்புச் சீட்டுத்தானா? இன்று நடந்தது அந்தப் பெண்ணாலா, அல்லது அவள் கோட்டு போட்டுக்கொண்டதாலேயா? ருக்மிணி தன் அறைக்குப் போய், வெங்கடராமனின் கூட்டத்துக்காக எடுத்துவைத்திருந்த வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்தாள். மாணவர்களை எடுப்பதால் நமக்குக் கிடைத்தது என்று எழுதினாள். அடித்தாள். கேட்கத் தெரிந்த ஒருவர் என்று எழுதினாள். அதையும் அடித்தாள். முன்பு வந்த மாணவர்களும் கேட்கத்தான் செய்திருப்பார்கள். அப்போது யார் கவனித்தார்கள்?

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் சத்தத்துக்கு நடுவே கீழே ஒரு கான்டாக்டர் டக்கென்று இழுத்தது. அது அந்தப் பேனல்தானா என்று எழுந்துபோய்ப் பார்க்க நினைத்தாள். அதற்குள் இன்டர்காம் அடித்தது.

"எழுதிட்டேளா?" என்றார் வெங்கடராமன்.

"எழுதிட்டேன் சார்."

"என்னன்னு?"

"விளம்பரச் செலவு மிச்சம்னு."

"அதை எனக்கு முன்னாடி பேசறவன் சொல்லிடுவானே."

"சொல்லட்டும் சார்" என்றாள் ருக்மிணி. "அடுத்த சாண்ட்விச் வரட்டும், முதல் நாள்லேர்ந்தே கவனிக்கறேன். அப்புறம் இன்னொரு கூட்டத்துல பேசலாம்."